ரயில் பணிமனையில் பழகுநர் பயிற்சி: முதல் ஆண்டில் எதில் கவனம் செலுத்துவது?

கேட்டவர்: புதிய பழகுநர்

அனைவருக்கும் வணக்கம். இயந்திரவியலில் பட்டயப் படிப்பை முடித்திருக்கும் எனக்கு, ரயில் பெட்டிகளையும் என்ஜின்களையும் பராமரிக்கும் பணிமனை ஒன்றில் பழகுநராகச் சேர இடம் கிடைத்திருக்கிறது. முதல் ஆண்டில் சக்கரப் பிரிவு, பிரேக் பிரிவு, மின்பிரிவு, சிக்னல் பிரிவு என ஒவ்வொன்றிலும் சில வாரங்கள் பணியாற்ற வேண்டும் என்றும், அதன் பிறகே ஒரு பிரிவு ஒதுக்கப்படும் என்றும் கூறியிருக்கிறார்கள். எனக்கு முன்பு அங்கே சேர்ந்த ஒருவரோ, தொடக்க மாதங்களில் அளவெடுப்பதையும் பதிவேட்டில் எழுதுவதையும் தவிர வேறு வேலை எதுவும் தர மாட்டார்கள் என்கிறார். அந்தக் காலத்தைப் பயனுள்ளதாக்கிக் கொள்வது எப்படி? ரயில் துறைக்குள் கற்ற திறமை பிற்காலத்தில் வேறு துறைகளுக்கு உதவாமல் போய்விடுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய பணிமனை

வாழ்த்துகள், தம்பி. சக்கரப் பிரிவிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது என்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன். அளவெடுப்பது அற்பமான வேலை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சக்கர விளிம்பின் (சக்கரம் தண்டவாளத்தை விட்டு விலகாதபடி அதன் உட்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) தடிமன், அதன் உயரம், ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் விட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு, இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏன் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்தாலே ரயில் எப்படி ஓடுகிறது என்பதில் பாதி விளங்கிவிடும். 1435 மில்லிமீட்டர் அகலப் பாதையில் அந்த உட்பக்கத் தூரம் பெரும்பாலும் 1360 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அது வரம்பை மீறினால், தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் சக்கரம் தவறான பக்கத்தில் மோதக்கூடும்.

வளைவில் ரயிலைத் திருப்புவது விளிம்புதான் என்று புதிதாக வருபவர்களில் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சக்கரத்தின் ஓடுபரப்பு, அதாவது தண்டவாளத்தின் மேல் உருளும் பகுதி, சற்றே கூம்பு வடிவில் கடையப்பட்டிருப்பதால், வளைவில் அச்சு வெளிப்புறமாக நகரும்போது வெளிச்சக்கரம் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருண்டு, தானாகவே திரும்பிக் கொள்கிறது. கூர்மையான வளைவுகளில்தான் விளிம்புக்கு வேலை வருகிறது. தேய்ந்த சக்கரத்தைக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி அந்த வடிவத்தை மீட்கும்போது அருகில் நின்று பாருங்கள். தேய்மானம் எங்கே கூடுதலாக இருந்தது, ஏன் அங்கே என்று அந்த இயந்திரத்தை இயக்குபவரிடம் கேளுங்கள்.

அச்சுச் சோதனை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1842 மே 8 அன்று வெர்சாயில் இருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் என்ஜின் அச்சு ஒன்று முறிந்து, பெட்டிகள் தீப்பற்றி, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நல்ல இரும்பு, தாங்கக்கூடிய சுமை, இருந்தும் அச்சு ஏன் முறிகிறது என்ற கேள்வி அக்காலப் பொறியாளர்களை வாட்டியது. பிரஷ்யாவின் ரயில் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், 1850களின் பிற்பகுதியிலும் 1860களிலும் செய்த சோதனைகளில், ஒருமுறை தாங்கும் சுமையையே பல்லாயிரம் முறை மாறி மாறி ஏற்றினால் உலோகம் களைத்து விரிசல் விடும் என்று காட்டினார். இன்று நீங்கள் அச்சின் முனையில் மீயொலிக் கருவியை வைத்து, சக்கரம் இறுக்கிப் பொருத்தப்பட்ட இடத்தருகே விரிசலின் எதிரொலி வருகிறதா என்று பார்ப்பதன் பின்னணி இதுவே. பதிவேட்டில் நீங்கள் இடும் கையெழுத்தை நம்பித்தான் அந்த அச்சு மீண்டும் பாதைக்குப் போகிறது.

பதில்: ரிலே அறை

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆனாலும் சக்கரப் பிரிவின் மீது வந்த பற்றினால் மற்றப் பிரிவுகளை அரைமனதுடன் கடந்துவிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். என்னைப் பொறுத்தவரை பழகுநர் காலத்தின் பெரிய பரிசு, வெவ்வேறு பிரிவுகளில் ஒரே சிந்தனை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுகொள்வதுதான்.

காற்றுப் பிரேக்கை எடுத்துக் கொள்ளுங்கள். ரயில் முழுவதும் செல்லும் குழாயில் அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விடுபட்டிருக்கும். பல நாடுகளில் அந்த அழுத்தம் 5 பார் (bar என்னும் அழுத்த அலகு). அழுத்தம் குறைந்தால் பிரேக் பிடிக்கும். ஆகவே பெட்டிகள் இடையில் கழன்று குழாய் அறுந்தாலும் இரு பகுதிகளும் தாமாகவே நின்றுவிடும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களின் தொடக்கத்தில் உருவாக்கிய அமைப்பின் அடிப்படை இது. ஏறத்தாழ அதே காலத்தில், 1872இல், பாதையில் ரயில் இருப்பதைக் கண்டறியும் தண்டவாள மின்சுற்றுக்கு வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்றார். அதில் தண்டவாளங்கள் வழியே செல்லும் மின்னோட்டம் ஒரு ரிலேயை, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சை, தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்து சக்கரங்கள் சுற்றைக் குறுக்கிணைத்தாலும், மின்சாரம் போனாலும், கம்பி அறுந்தாலும் ரிலே விழும். சிக்னல் சிவப்புக்குத் திரும்பும். பழுது எங்கே வந்தாலும் அது ரயிலை நிறுத்தும் பக்கமே சாய வேண்டும் என்று இரண்டையும் வடிவமைத்திருக்கிறார்கள். இதை நீங்களே இரண்டு பிரிவுகளிலும் கைப்படச் சோதித்துப் பார்த்துவிட்டால், புதிய கருவி எதைக் கண்டாலும் ‘இது பழுதானால் என்ன நிலைக்குப் போகும்?’ என்ற கேள்விதான் உங்களுக்கு முதலில் எழும்.

மின்பிரிவில் ஒரு கண்டிப்பு. மேல்நிலைக் கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள் என்று வாய்மொழியாகக் கேட்டதை வைத்து எக்காரணம் கொண்டும் அருகில் செல்லாதீர்கள். துண்டித்து, மின்னழுத்தம் இல்லை என்று சோதித்து, நிலத்தொடர்பு கொடுத்து, எழுத்து வடிவில் அனுமதி கைக்கு வந்த பிறகே வேலை. 25,000 வோல்ட் கம்பியில் தொடாமலேயே, போதிய இடைவெளி இல்லாததாலேயே உயிர் போகும்.

பதில்: கடைசல்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: பயன்படாமல் போகாது. ரோல்ஸ் ராய்ஸை நிறுவியவர்களில் ஒருவரான ஹென்றி ராய்ஸ் பீட்டர்பரோ ரயில் பணிமனையில் பழகுநராக இருந்தவர். பணவசதி இல்லாததால் அவரால் அதை முழுமையாக முடிக்கவும் இயலவில்லை. விமானத் தயாரிப்பில் முன்னோடியான அல்லியட் வெர்டன் ரோ ஹார்விச் ரயில் பணிமனையிலும், கார் வடிவமைப்பாளர் டபிள்யூ. ஓ. பென்ட்லி டான்காஸ்டர் பணிமனையிலும் பழகியவர்கள். நானும் பயிற்சிக்குப் பின் சில ஆண்டுகள் காற்றாலைப் பராமரிப்பில் இருந்தேன். தாங்குருளை, பல்சக்கரம், அதிர்வு அளவீடு, உலோகக் களைப்பு என அங்கே தேவைப்பட்டவற்றில் பெரும்பகுதியைப் பணிமனையிலேயே கற்றிருந்தேன்.

இரவுப் பணியைப் பற்றி யாரும் எழுதவில்லை. ரயில்கள் ஓடாத நேரத்தில்தான் பராமரிப்பு நடக்கும் என்பதால் அது தவிர்க்க முடியாதது. உறக்கத்திற்கு முறையான நேரம் ஒதுக்குங்கள். விடியற்காலையில் எடுக்கும் அளவை மறுமுறையும் எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்: புதிய பழகுநர்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: காரணம் கேட்டால் ‘சொன்னதைச் செய்’ என்று கூறும் மூத்தவர்களிடம் எப்படி நடந்து கொள்வது?

பதில்: பழைய பணிமனை

வேலை நடக்கும்போது கேட்காதீர்கள்; கருவியைக் கீழே வைத்த பிறகு கேளுங்கள். ‘ஏன்’ என்று மட்டும் கேட்டால் சிலருக்குச் சோதிப்பது போலத் தோன்றும். ‘இந்த அளவு வரம்பைத் தாண்டியதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?’ என்று கேட்டுப் பாருங்கள். பார்த்தவர்கள் நிச்சயம் பேசுவார்கள். பாதுகாப்பு தொடர்பான ஐயம் மட்டும் விதிவிலக்கு. அது எழுந்தால் யாராக இருந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லி அப்போதே கேட்டுவிடுங்கள்.