கோடைகாலப் பாம் ஸ்பிரிங்ஸ்: குளங்களும் டென்னிஸ் ஆடுகளங்களும் கொண்ட விடுதியில் தங்கிய அனுபவம்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காரில் சென்று, சான் கோர்கோனியோ கணவாயில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைக் கடந்தால், கோச்செல்லா பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. அதன் மேற்கு ஓரத்தில், சான் ஹசிண்டோ மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பாம் ஸ்பிரிங்ஸ். ஜூன் மாத இறுதியில் நாங்கள் குடும்பத்துடன் அங்குள்ள ஒரு விடுதியில் தங்கினோம். குளிர்காலத்தில் எட்டாத உயரத்தில் இருக்கும் அறை வாடகை கோடையில் வெகுவாக இறங்கிவிடுகிறது. அதற்கான காரணம் காரை விட்டு இறங்கிய நொடியிலேயே விளங்கியது. கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. 2024 ஜூலை 5 அன்று அந்நகரில் 51.1 டிகிரி பதிவானது. அதுவே அவ்வூரின் உச்ச அளவு.

விடுதியின் விளம்பரப் படங்களில் குளமும் ஆடுகளமும் எந்நேரமும் நமக்காகக் காத்திருப்பவை போலத் தோன்றும். உண்மையில் கோடையில் அவை விடியற்காலைக்கும் மாலைக்கும் மட்டுமே உரியவை. காலை ஆறு மணிக்கே டென்னிஸ் ஆடுகளங்கள் நிறைந்துவிட்டன. பத்து மணிக்குள் ஒருவரும் இல்லை. விடுதியின் பயிற்சியாளர் எழுபதைக் கடந்தவர். வெயிலில் தோல் பதனிட்டதுபோல் ஆகியிருந்தாலும், பந்தை அடிக்கும் கை இளைஞனுடையது. பந்தைப் பற்றி அவர் சொன்னதை ஆடியபோதே உணர முடிந்தது. குளிரூட்டிய அறையில் இருந்து எடுத்து வந்த பந்து முதலில் மந்தமாக எழும்பும். தரையின் சூடு ஏற ஏற உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கூடி, அதே பந்து தோளுயரம் எழும்பத் தொடங்கும். மட்டையைக் காரில் வைத்துவிட்டு வந்தால் அதன் நரம்பிழைகள் தளர்ந்துவிடும் என்றும் அவர் எச்சரித்தார். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் வலியுறுத்தியது தண்ணீர். அந்த உலர்ந்த காற்றில் வியர்வை தோலில் தங்குவதே இல்லை. நனைந்த சட்டையைப் பார்த்துக் களைப்பை அளந்து பழகிய நமக்கு அது பெரிய ஏமாற்று. தொப்பியின் விளிம்பில் வெண்மையாகப் பூத்த உப்பைப் பார்த்த பிறகுதான் உடல் எவ்வளவு நீரை இழந்திருக்கிறது என்பது தெரிகிறது.

அவர் பழங்கதைகளிலும் வல்லவர். எல் மிராடோர் என்ற விடுதியின் ஆடுகளங்களை மணிக்கணக்கில் விட்டுத்தராமல் ஆடியதால் வெளியேற்றப்பட்ட சார்லஸ் ஃபாரெல், ரால்ஃப் பெல்லமி என்ற இரு நடிகர்கள், தமக்கென்றே நிலம் வாங்கி 1934இல் ராக்கெட் கிளப் என்ற டென்னிஸ் மன்றத்தைத் தொடங்கினார்கள் என்று ஊரில் சொல்லப்படும் கதையை மிகுந்த உற்சாகத்துடன் விவரித்தார். வெளியேற்றப்பட்ட கதையில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் அந்த ஊருக்கு டென்னிஸ் விடுதிகளின் வழியாகவே வந்தது என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதம் அதே பள்ளத்தாக்கிலுள்ள இண்டியன் வெல்ஸ் நகரில் நடைபெறும் டென்னிஸ் பெரும்போட்டிகூட, 2000ஆம் ஆண்டில் தனி அரங்கத்துக்கு மாறும்வரை, லா கின்டா போன்ற விடுதிகளின் ஆடுகளங்களில்தான் நடந்து வந்தது.

குளத்தைப் பொறுத்தவரை எனக்கு ஆசிரியராக அமைந்தவர் அதைப் பராமரிக்கும் ஊழியர். அதிகாலையில் அவர் குளத்தின் ஓரத்து ஓடுகளில் நீர்மட்டத்தை ஒட்டிப் படிந்திருந்த வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீர் ஆவியாகிவிடும், அதிலுள்ள கால்சியம் மட்டும் தங்கிவிடும் என்பதே அந்தக் கோட்டின் வரலாறு. கோடையில் நாளொன்றுக்குக் கால் அங்குலத்துக்கு மேல் நீர் குறைகிறது என்றார். கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் குளோரினையும் சிதைத்துவிடுவதால், அதைத் தாங்கிப் பிடிக்க சயனூரிக் அமிலம் சேர்க்கிறார்களாம். இவ்வளவு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பள்ளத்தாக்கின் அடியில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் உண்டு. 1973 முதல் கொலராடோ ஆற்று நீரைக் கொண்டுவந்து மணற்படுகையில் தேக்கி அதை நிரப்பி வருகிறார்கள். இதைக் கேட்டபின் குளத்தில் இறங்கும்போது சற்று உறுத்தியது என்பதை மறைக்க வேண்டியதில்லை, இறங்காமலும் இருக்கவில்லை.

நாற்பது டிகிரி வெயிலில் குளத்தைவிட்டு வெளியே வந்ததும் குழந்தைகள் பற்கள் தந்தியடிக்க நடுங்கியதைக் கண்டு, அருகிலிருந்த ஒரு பெண்மணி பதறிப்போய்க் காய்ச்சலா என்று கேட்டார். தோலிலுள்ள நீர் மிக வேகமாக ஆவியாகி உடல் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதே அந்த நடுக்கத்துக்குக் காரணம். நிழற்கூரைகளின் விளிம்பில் நுண்ணிய நீர்த்திவலைகளைத் தூவும் குழாய்களும் இதே முறையில்தான் இயங்குகின்றன. ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள தரையில் பகலில் வெறுங்காலுடன் நான்கடி நடக்க இயலாது. செருப்பைக் குளத்தின் படியருகிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

நண்பகலில் அறையில் உறங்கலாம், அல்லது 1963 முதல் இயங்கிவரும் கம்பிவட ஊர்தியில் ஏறி 8,516 அடி உயரத்திலுள்ள மலை நிலையத்துக்குச் சென்று ஸ்வெட்டர் அணிந்து நடக்கலாம். மாலையில் சூரியன் முறைப்படி மறைவதற்கு வெகுநேரம் முன்பே மலைக்குப் பின்னால் இறங்கிவிடுவதால், ஆடுகளங்களின் மீது நிழல் விழத் தொடங்கும். வெப்பம் உடனே தணிந்துவிடாது. தரை தன் சூட்டை இரவுவரை உமிழ்ந்துகொண்டிருக்கும். ஆயினும் அந்த நேரத்தில்தான் விடுதி உயிர்பெறுகிறது. ஒரு மாலை, ரோட்ரன்னர் பறவை ஒன்று வலையின் அடியில் புகுந்து, வாயில் பல்லியுடன் ஆடுகளத்தைக் குறுக்கே கடந்தது. நான்கு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அதற்கு வழிவிட்டார்கள்.

அங்கு செல்ல விரும்புவோருக்கு ஓரிரு நடைமுறைச் செய்திகள். ரிசார்ட் கட்டணம் என்ற பெயரில் நாள்தோறும் ஒரு தொகை சேர்கிறது. கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது; என்றாலும், அத்தொகைக்குள் ஆடுகள முன்பதிவும் பந்து வீசும் இயந்திரமும் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். நாங்கள் தங்கிய விடுதியில் ஆடுகள விளக்குகள் இரவு பத்து மணிவரை எரிந்தன. ஆடுகளத்தைவிட்டுத் தள்ளி, வடக்கு நோக்கிய அறையாகக் கேட்டுப் பெற்றால், மாலை வெயிலும் பந்தடிக்கும் ஓசையும் உறக்கத்தைக் கெடுக்காது.