தரைக்குக் கீழே 5 அடி இறங்கிய அறை: தெர்மாகோல் ஒட்டி ஏசி போட்டால் பட்டு ஸ்டாக் தாங்குமா? (கும்பகோணம் பக்கம்)

அரசலாற்றங்கரை கேட்டது:

வணக்கம். திருபுவனத்துக்குப் பக்கத்தில் வீடு. ரோடு மட்டத்துக்குக் கீழே 5 அடி, மேலே 4 அடி என்று பாதி இறங்கிய அறை ஒன்று இருக்கிறது. உள்ளளவு 20க்கு 14. மண்ணுக்குள் இருக்கும் சுவர் 8 இன்ச் ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்), அதற்கு மேல் 9 இன்ச் செங்கல். தரை 6 இன்ச் கான்கிரீட், மேலே டைல்ஸ். கட்டும்போது வெளிப்பக்கம் தார் மட்டும் அடித்திருக்கிறார்கள். மூன்று பக்கம் தோண்ட இடமில்லை. படிக்கட்டு இருக்கும் கிழக்குப் பக்கம் மட்டும் 6 அடி திறந்த இடம்.

ஐப்பசி, கார்த்திகையில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஈரக்கோடு விழுகிறது. இரண்டடி உயரம் வரை புட்டி உப்பி உதிர்கிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது. மழையே இல்லாத சில நாளிலும் டைல்ஸ் வேர்த்து நிற்கிறது.

பட்டுச் சேலை ஸ்டாக் வைக்க இந்த அறை வேண்டும். வீடியோக்களில் பார்த்தபடி சுவருக்கு 2 இன்ச் தெர்மாகோல், அதன்மேல் பாலித்தீன் ஷீட், அதன்மேல் ஜிப்சம் போர்டு, ஒன்றரை டன் ஏசி என்று திட்டம். இதில் என்ன தப்பு வரும்?

---

சைட் இன்ஜினியர், தஞ்சை:

சார், அந்த வீடியோக்கள் குளிர் நாட்டுக்காரர்களுடையவை. அங்கே வெளியே குளிர், உள்ளே சூடு. ஈரம் அறையிலிருந்து சுவருக்குப் போகும். அதனால் பாலித்தீனை அறைப் பக்கம் வைக்கிறார்கள். நம்மூரில் ஏசி அறையில் எல்லாம் தலைகீழ். ஈரம் மண்ணிலிருந்து உள்ளே வரும். நீங்கள் சொன்ன வரிசையில் ஒட்டினால் சுவர் ஈரம் பாலித்தீனுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். வெளிப்பார்வைக்கு போர்டு பளபளவென்று இருக்கும், பின்னால் பூசணம் பிடிக்கும், கரையான் ஏறும். ஒரு வருஷம் கழித்து வாசனையில்தான் தெரியும்.

இன்னொன்று, உங்கள் அறைக்கு வெப்பம் பெரிய எதிரியே இல்லை. டெல்டாவில் சில அடி ஆழத்தில் மண் ஏறக்குறைய 28 டிகிரியில் நிற்கும். ஏசியை 26-ல் வைத்தால் வித்தியாசம் 2 டிகிரி. மண்ணுக்குள் இருக்கும் சுவர் மொத்தம் 340 சதுர அடி. அதன் வழியே வரும் வெப்பம் 200 வாட்டுக்கும் குறைவு. அதைத் தடுக்க 2 இன்ச் தெர்மாகோல் ஒட்டுவது வீண் செலவு. இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு) வேண்டிய இடம் வேறு, பிறகு சொல்கிறேன்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமாக பாலித்தீன் வெட்டி, சுவரில் ஒன்று, தரையில் ஒன்று, நான்கு ஓரமும் டேப் போட்டு 2 நாள் விடுங்கள். ஷீட்டுக்குப் பின்பக்கம் நனைந்தால் ஓதம் கான்கிரீட் வழியே வருகிறது. முன்பக்கம் நனைந்தால் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து படிகிறது. உங்கள் விவரத்தைப் பார்த்தால் இரண்டும் இருக்கிறது: உப்பு பூப்பது முதல் ரகம், மழை இல்லாமல் டைல்ஸ் வேர்ப்பது இரண்டாவது.

இரண்டாவதுக்குக் கணக்கு இதுதான். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 27 டிகிரி. அது 28 டிகிரி சுவரைத் தொட்டால் சுவர் பக்கத்தில் ஈரப்பதம் 94 சதவீதம் ஆகிவிடும். பூசணத்துக்கு 80 போதும். சுவரோ தரையோ 27-க்குக் கீழே போனால் தண்ணீராகவே நிற்கும். காற்றோட்டம் நல்லது என்று மழைக்காலப் பகலில் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

அடுத்து, யாரும் பேசாத விஷயம்: மிதப்பு. 6 இன்ச் கான்கிரீட் தரையின் எடை சதுர மீட்டருக்கு சுமார் 375 கிலோ. தரையின் அடிமட்டத்திலிருந்து 15 இன்ச் உயரத்துக்கு நிலத்தடி நீர் ஏறினாலே அந்த எடைக்குச் சமம். ரோடு மட்டம் வரை ஏறினால் அடியிலிருந்து தள்ளுவது சதுர மீட்டருக்கு 1,675 கிலோ. சுவரோடு கம்பி கட்டி ஒன்றாகப் போட்ட தரை என்றால் வீட்டின் எடை பிடித்துக்கொள்ளும். ஆனால் தரை நடுவில் வளைந்து வெடிக்கலாம். தனியாகப் போட்ட தரை என்றால் காலிக் குடம் மாதிரி எழும்பப் பார்க்கும். இதுவரை ஈரக்கோடு வழியே தண்ணீர் கொஞ்சம் உள்ளே வந்ததால் அழுத்தம் குறைந்தது. அதை முழுசாக அடைத்தபின் முழு அழுத்தமும் தரைக்கு வரும். அதனால் வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிடும் முன் கம்பி டிராயிங்கை ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்க்கட்டும். வெள்ளத்தில் அறைக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால், வெளியே வடிவதற்கு முன் அவசரப்பட்டு உள்ளே இருக்கும் தண்ணீரை இறைக்காதீர்கள். காரணம் இதேதான்.

---

மன்னார்குடி கான்ட்ராக்டர்:

இன்ஜினியர் சார் சொன்னது சரி. வேலை எப்படி நடக்கணும்னு நான் சொல்றேன்.

தண்ணி நுழையற இடம் சுவரும் தரையும் சேர்ற ஜாயின்ட். அதோட சென்ட்ரிங் அடிக்கும்போது விட்ட ஓட்டைகளும் இருக்கும். சுவர்ல புட்டி, பெயின்ட், பூச்சு எல்லாத்தையும் கான்கிரீட் தெரியற வரை கொத்தி எடுங்க. தரை டைல்ஸும் போகணும். டைல்ஸை வச்சுக்கிட்டு செய்யலாம்னு சொல்ற ஆளை வாசலோட அனுப்பிடுங்க. பூத்த உப்பை காய்ஞ்ச கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு அள்ளி வெளியே கொட்டணும். தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்ப கான்கிரீட்டுக்குள்ளேயே போயிடும்.

ஜாயின்ட் நெடுக 1 இன்ச் அகலம், 1 இன்ச் ஆழம் காடி (நீளப் பள்ளம்) வெட்டணும். ‘வி’ மாதிரி வெட்டாம நேர்ச் சுவரா வெட்டணும், இல்லேன்னா அடைப்பு பிதுங்கி வெளியே வந்துடும். தண்ணி ஓடற இடத்துல சீக்கிரம் இறுகற பிளக் சிமென்ட்டை கையில உருட்டி அழுத்திப் பிடிங்க, சில நிமிஷத்துல கல்லாயிடும். அதுக்கும் நிக்காத ஊத்துன்னா 6 முதல் 8 இன்ச்சுக்கு ஒரு துளை, மாத்தி மாத்தி சாய்வாப் போட்டு, பாக்கர் (ஊசி முனை) வச்சு பியு (பாலியூரித்தேன் பிசின்) இன்ஜெக்‌ஷன். அப்புறம் சுருங்காத கலவையால காடியை நிரப்பி, மூலையில 2 இன்ச்சுக்கு காரை வளைவு பிடிக்கணும்.

இதுக்கு மேல கிரிஸ்டலைன் ஸ்லரி (கான்கிரீட் துளைக்குள்ள படிகமா வளர்ந்து அடைக்கற சிமென்ட் கலவை), ரெண்டு கோட். சுவர் 340, தரை 280, ஆக 620 சதுர அடி, அதாவது 58 சதுர மீட்டர். ரெண்டு கோட்டுக்கும் சேர்த்து சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோன்னா 87 கிலோ. 25 கிலோ மூட்டை 4 வாங்குங்க, பாக்கெட்ல போட்டிருக்கற அளவையும் பார்த்துக்குங்க. இது ஈரக் கான்கிரீட்டுலதான் வேலை செய்யும். காய்ஞ்ச சுவர்ல அடிச்சா பொடியா உதிரும். அடிச்ச பிறகு 3 நாள் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கணும். செங்கல்லுல இது பிடிக்காது, அதனால ஆர்சிசி முடியற இடத்தோட நிறுத்திடுங்க. சாதாரண அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பெயின்டை உள்பக்கம் அடிச்சா பின்னாடி இருக்கற தண்ணி தள்ளி, அப்பளம் அப்பளமா எடுத்துடும்.

அடுத்து சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணியைச் சேர்த்து இறைக்கற குழி. அறைக்குள்ள சுவரை ஒட்டி தரையை வெட்டாதீங்க, பிடிமானக் கம்பி அங்கதான் இருக்கு. கிழக்குப் பக்கம் இடம் இருக்குன்னு சொன்னீங்களே, அங்க 3 அடி சிமென்ட் உறை இறக்குங்க, ரோட்டுலேர்ந்து 8 அடி ஆழம். உறையில துளை இருக்கணும், சுத்தி ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணை நிறுத்தி தண்ணியை மட்டும் விடற துணி), அதுக்கும் உறைக்கும் நடுவுல 20 எம்எம் ஜல்லி. துணி இல்லாம இறைச்சா வண்டலும் சேர்ந்து வந்து அஸ்திவாரத்துக்கு அடியில பள்ளம் பறிச்சுடும். அரை ஹெச்பி சப்மெர்சிபிள், தண்ணி ஏறினா தானா ஓட ஃப்ளோட் சுவிட்ச், தண்ணி திரும்பி வராம டெலிவரி பைப்புல நான் ரிட்டர்ன் வால்வ். தண்ணியை வீட்டை விட்டுத் தள்ளி வடிகால்ல விடுங்க. பக்கத்துலேயே விட்டா அதே தண்ணியைத்தான் சுத்திச் சுத்தி இறைப்பீங்க.

ஒண்ணு கவனிங்க, ஆத்துப் பக்கம் அடியில மணல் அடுக்கு இருந்தா மோட்டார் நிக்கவே நிக்காது. உறை இறக்கின அன்னிக்கே ஒரு மணி நேரம் இறைச்சுப் பாருங்க. மட்டம் இறங்கலேன்னா அந்த வழியை விட்டுட்டு, தரைக்கு மேல கம்பி கட்டி கூடுதல் கான்கிரீட் போடறதுதான். 4 இன்ச் போட்டா சதுர மீட்டருக்கு 250 கிலோ எடை கூடும், அதையும் இன்ஜினியர்தான் சொல்லணும்.

---

குளிர்சாதனம், திருவாரூர்:

ஒன்றரை டன் வேண்டாம் அண்ணே. வெயில் படாத அறை, வெப்பச் சுமை கம்மி. பெரிய ஏசி 5 நிமிஷத்தில் குளிர வைத்துவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கம்ப்ரஸர் ஓடினால்தான் ஈரம் வடியும். ஆக அறை 24 டிகிரி, ஈரப்பதம் 80 என்று குகை மாதிரி கிடக்கும். இன்சுலேஷன் கூடக்கூட இது இன்னும் மோசமாகும், கேட்க விசித்திரமாக இருந்தாலும்.

உங்கள் அறை 71 கன மீட்டர். வெளிக்காற்று ஒரு தடவை முழுசாக உள்ளே வந்தால், அதை 25 டிகிரி, 50 சதவீதத்துக்குக் கொண்டுவர 1 லிட்டர் தண்ணீர் எடுக்க வேண்டும். கதவு, ஜன்னல் இடுக்கு வழியாக மணிக்குப் பாதி அறைக் காற்று மாறினால் நாளைக்கு 12 லிட்டர். இதற்கு டிஹியூமிடிஃபையர் (காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் மெஷின்) தான் சரி. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. நீங்கள் வைக்கப்போகும் நிலையில் பாதியளவுதான் எடுக்கும். 30 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். வாளியை நம்பாமல் ஹோஸ் போட்டு நேரே வடிகாலுக்கு விடுங்கள். அது அறையைச் சூடாக்கும், அதற்காக முக்கால் அல்லது 1 டன் இன்வெர்ட்டர் ஏசி, 26-ல். முதலில் ஜன்னல், கதவு இடுக்குக்கு ரப்பர் பீடிங் போடுங்கள், அதைவிடச் சல்லிசான ஈரத்தடுப்பு கிடையாது.

காப்பர் பைப்புக்கு நைட்ரைல் ரப்பர் உறை 19 எம்எம் கேளுங்கள். வழக்கமான 9 எம்எம் இந்த ஈரத்தில் சொட்டும். அவுட்டோர் யூனிட்டை வெள்ளம் தொடாத உயரத்தில் வையுங்கள்.

---

அரசலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் இன்சுலேஷன் எங்கேயும் வேண்டாமா? அந்த 4 அடி செங்கல் சுவரில் மேற்கு வெயில் நேராக அடிக்கிறது. இன்னொரு கேள்வி, இந்த வேலையை எந்த மாதம் ஆரம்பிக்கலாம்?

---

சைட் இன்ஜினியர், தஞ்சை:

இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்று அந்த 4 அடிச் சுவர், முடிந்தால் வெளிப்பக்கமாக. இன்னொன்று கூரையின் அடிப்பக்கம். கீழே குளிர்ந்தால் கூரை கான்கிரீட்டும் குளிரும், ஏசி இல்லாத மேல் அறையின் டைல்ஸ் மழைக்காலத்தில் வேர்க்க ஆரம்பிக்கும். இது பலருக்கு மேல் அறையில் வழுக்கி விழுந்த பிறகுதான் புரிகிறது.

தெர்மாகோலுக்குப் பதிலாக எக்ஸ்பிஎஸ் போர்டு (இறுக்கமான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை), அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோவுக்கு மேல். சுவருக்கு 50 எம்எம், கூரைக்கு 25 போதும். தெர்மாகோல் ஈரத்தை அதிகம் குடிக்கும், எலியும் எறும்பும் குடைந்து வீடு கட்டும். போர்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் காற்று புகாதபடி பசையை முழுப் பரப்பிலும் சீப்புக் கரண்டியால் இழுத்து ஒட்டவும், இணைப்புகளுக்கு டேப். நான்கு சொட்டு வைத்து ஒட்டினால் பின்னால் ஈரக்காற்று உலாவி அங்கேயே படியும். இது எரியும் பொருள், அதனால் மேலே சிமென்ட் போர்டோ வலை வைத்த பூச்சோ கட்டாயம். ஒயரை நேராகப் போர்டில் படவிடாமல் பைப்புக்குள் விடுங்கள்.

மண்ணுக்குள் இருக்கும் சுவரை ஸ்லரிக்கு மேல் சுண்ணாம்பு வெள்ளையோடு விட்டுவிடுங்கள். புட்டி, ஆயில் பெயின்ட், வால்பேப்பர் எதுவும் வேண்டாம்; சுவர் தெரிந்தால்தான் அடுத்த ஐப்பசியில் எங்கே கசிகிறது என்று தெரியும். இரும்பு ரேக்கை சுவரிலிருந்து 4 இன்ச், தரையிலிருந்து 1 அடி தள்ளி வையுங்கள். சேலையை பாலித்தீன் கவரில் வைக்காமல் மல் துணியில் சுற்றுங்கள். ரேக்கின் அடித்தட்டில் ஒரு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டும் கருவி). ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டினால் டிஹியூமிடிஃபையர் தானாக ஓடும்படி செட் செய்யுங்கள்.

மாதம்: பங்குனி, சித்திரை. மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். வாய்க்காலும் வயலும் காய்ந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் நிலத்தடி மட்டம் இறங்கியிருக்கும். ஆனால் அப்போது கசிவு கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த கார்த்திகையிலேயே புட்டியைச் சுரண்டிவிட்டு, ஈரம் வரும் ஒவ்வொரு இடத்தையும் ஆயில் பெயின்டால் வட்டமிட்டு, போட்டோவும் எடுத்து வையுங்கள்.

---

மன்னார்குடி கான்ட்ராக்டர்:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. மோட்டாருக்குத் தனி இன்வெர்ட்டர் வேணும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ டெல்டாவுல நிறைய ஊர்ல நாள் கணக்கா கரன்ட் இல்லை. மோட்டார் ஓட வேண்டிய நேரம் அதுதான். ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுக்கும், வீட்டு ஃபேன் லைட்டுக்கு வச்சிருக்கற இன்வெர்ட்டர் தாங்காது. அதோட உண்மையைச் சொல்லணும்னா, விலை உசந்த முகூர்த்தப் பட்டை மாடியில வச்சுட்டு, கீழே காட்டன், கவர், அட்டைப்பெட்டி வைங்க. ரெண்டு மழைக்காலம் ஹைக்ரோமீட்டர் நம்பரைப் பார்த்துட்டு அப்புறம் பட்டை இறக்கலாம்.