பெயர் சொல்லப்படாத பாத்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ‘நிஜப் பெயர்’ ஆகிவிட்டது. அறிவிப்புப் பெட்டி போட்டும் பலனில்லை, உதவி வேண்டும்

பீஷான் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். நம்ம சிங்கப்பூர்த் தமிழ்த் தொடர் ஒன்றுக்கு நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ரசிகர் விக்கி (வாசகர்களே எழுதித் திருத்தும் தளம்) நடத்துகிறோம். தொடரின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அந்தச் சண்டை இங்கேயும் வந்துவிடும்.

தேக்காவில் பஃபலோ ரோடு பக்கம் பூக்கட்டும் பாட்டி ஒருவர் பத்துப் பகுதிகளுக்கு மேல் வருகிறார். யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. கடைசியில் ஓடும் பட்டியலில் நடித்தவர் பெயர் இருக்கிறது, பாத்திரத்தின் பெயர் இல்லை. பக்கம் தொடங்கத் தலைப்பு வேண்டுமே என்று போன ஆண்டு நான்தான் ‘பொன்னம்மா’ என்று வைத்தேன். அப்போது சும்மா வாய்க்கு வந்த பெயர்.

இப்போது ஒரு ரசிகர் குழுவின் புதிர்ப்போட்டியில் “பொன்னம்மா பாட்டி எந்த நிறப் பூவை விற்க மறுத்தார்?” என்று கேட்கிறார்கள். தேடுபொறியும் அதே பெயரைச் சொல்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் கோபப்பட்டுப் பக்கத்தை ‘பெயரில்லாத பாட்டி 3’ என்று நகர்த்திவிட்டார். நான் அதை ‘பூக்கடைப் பாட்டி’ என்று மாற்றி, மேலே “இது அதிகாரபூர்வப் பெயர் அல்ல” என்று மஞ்சள் பெட்டியும் போட்டேன். ஆனாலும் தினம் யாராவது வந்து ‘பொன்னம்மா’ என்று திருத்திவிட்டுப் போகிறார்கள். பெட்டியைப் படிப்பதே இல்லையா?

எம்ஆர்டி ரசிகன்

அக்கா, நான் உங்கள் தளத்தை ரயிலில் போகும்போது கைப்பேசியில்தான் படிப்பேன். இப்போதும் திறந்து பார்த்தேன். எந்த மஞ்சள் பெட்டியும் இல்லையே.

பீஷான் வாசகி

இல்லையா?! என் மடிக்கணினியில் பளிச்சென்று இருக்கிறதே தம்பி.

பழைய வார்ப்புருக்காரர்

அந்தப் பெட்டிக்கான வார்ப்புருவை (பல பக்கங்களில் அப்படியே போடும் அச்சை) எங்கிருந்து எடுத்தீர்கள்? புதிதாக எழுதினீர்களா, நகல் எடுத்தீர்களா?

பீஷான் வாசகி

பக்கத்தின் அடியில் எல்லாப் பகுதிகளையும் வரிசையாகக் காட்டும் பெட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது அண்ணா. அதை நகல் எடுத்து நிறத்தையும் எழுத்தையும் மட்டும் மாற்றினேன்.

பழைய வார்ப்புருக்காரர்

நினைத்தேன். அந்த அடிப்பெட்டியின் முதல் வரியில் ‘நேவ்பாக்ஸ்’ என்ற கிளாஸ், அதாவது தோற்றத்தைத் தீர்மானிக்கும் குறிப்பெயர், இருக்கும், பாருங்கள். அது வழிகாட்டிப் பெட்டி என்பதற்கான அடையாளம். உங்கள் தளம் மாதிரி மீடியாவிக்கி மென்பொருளில் ஓடும் தளங்களின் கைப்பேசித் தோற்றம் வழக்கமாக அந்தக் கிளாஸ் உள்ள எதையும் காட்டாது, சின்னத் திரையில் இடம் அடைக்கும் என்று. ‘நோமொபைல்’ என்ற கிளாஸுக்கும் அதே கதிதான். உங்கள் எச்சரிக்கை கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போயிருக்கிறது. திருத்துகிறவர்கள் மேல் குற்றமே இல்லை. அந்தக் கிளாஸை நீக்கிவிட்டு, உங்களுக்கென்று ஒரு புதுப் பெயர் கொடுங்கள், உதாரணமாக ‘ரசிகர்பெயர்-பெட்டி’. நிறமும் கோடும் அந்தப் பெயருக்கே எழுதிக்கொள்ளுங்கள்.

அதே வேகத்தில் இன்னொன்று. வார்ப்புருவுக்குள்ளேயே ‘பகுப்பு: ரசிகர் வைத்த பெயருள்ள பக்கங்கள்’ என்று சேர்த்துவிட்டால், பெட்டி போட்ட பக்கமெல்லாம் தானாக ஒரே பட்டியலில் விழும். புதுப் பகுதி வந்து ஒரு பெயர் வெளியானால் எங்கே தேடுவது என்று அலைய வேண்டாம். ஆனால் அந்தப் பகுப்பை ‘இன்குளூட்ஒன்லி’ குறிக்குள் போடுங்கள், வார்ப்புருவைப் போட்ட பக்கங்களில் மட்டும் அது வேலை செய்யும். இல்லையென்றால் வார்ப்புருவே ஒரு பாத்திரம் மாதிரிப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தளத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது, ஒருவருக்கும் தெரியாது.

எம்ஆர்டி ரசிகன்

இன்னொரு கோளாறும் இருக்கிறது. ‘பொன்னம்மா’ என்று தேடினால் பாட்டி பக்கம் வரவில்லை, ஒரு வெற்றுப் பக்கத்தில் அம்புக்குறி மட்டும் நிற்கிறது.

பழைய வார்ப்புருக்காரர்

இரட்டை வழிமாற்று. பழைய தலைப்பிலிருந்து புதுத் தலைப்புக்கு அனுப்புவதுதான் வழிமாற்று. பக்கம் இரண்டு முறை நகர்ந்திருக்கிறது. பொன்னம்மா என்பது ‘பெயரில்லாத பாட்டி 3’க்குப் போகிறது, அது ‘பூக்கடைப் பாட்டி’க்குப் போகிறது. மீடியாவிக்கி ஒரு தாவல்தான் தாவும். முதல் வழிமாற்றைத் தொகுத்து நேராகப் பூக்கடைப் பாட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

பீஷான் வாசகி

திருப்பிவிட்டேன், கிளாஸையும் எடுத்துவிட்டேன். என் போனிலும் இப்போது பெட்டி தெரிகிறது. அண்ணா, கோடி நன்றி. இத்தனை நாள் வாசகர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பொன்னம்மா வழிமாற்றை வைத்திருக்கலாமா, அழிக்கட்டுமா? பார்த்தாலே வெட்கமாக இருக்கிறது.

ஜூரோங் அண்ணன்

வைத்திருங்கள். புதிர்ப்போட்டியில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் தேடி வந்து சேர வேண்டிய இடம் உங்கள் பக்கம்தான். அழித்தால் அடுத்த வாரமே யாராவது ‘பொன்னம்மா’ என்று புதுப் பக்கம் தொடங்குவார்கள். கட்டுரையின் நடுவில் ஒரு வரி போடுங்கள்: “இத்தளத்தில் முன்பு பொன்னம்மா என்று எழுதப்பட்டிருந்தது, அது ஒரு தொகுப்பாளர் வைத்த பெயர்.” முதல் வரியில், அதுவும் தடித்த எழுத்தில் வேண்டவே வேண்டாம்.

முதல் வரிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். தேடல் முடிவில் கீழே வரும் இரண்டு வரித் துணுக்குப் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். நகலெடுப்பவரும் அதைத்தான் எடுப்பார், மஞ்சள் பெட்டியை யாரும் கூடவே எடுத்துப்போக மாட்டார்கள். ஆகவே வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள்: “பூக்கடைப் பாட்டி என்று இங்கே குறிக்கப்படுபவர் தேக்காவில் பூ விற்பவர். தொடரில் இவர் பெயர் சொல்லப்படவில்லை.”

ஆமாம், உங்கள் நண்பரின் ‘பெயரில்லாத’வும் தவறுதான். பாட்டிக்குப் பெயர் இல்லாமலா இருக்கும்? அடையாள அட்டையில் இருக்கும், நமக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ‘பெயர் சொல்லப்படாத’ என்பதே சரி. எண் போடுவதும் வம்பு. பாட்டி 2க்கு நாளை பெயர் வந்துவிட்டால் 3 ஏன் 3 என்று யாருக்கும் விளங்காது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நல்ல கேள்வி அம்மா. நம் தொகுப்பாளர்கள் இதை எப்போதோ செய்து காட்டியிருக்கிறார்கள். குறுந்தொகையில் பாடியவர் பெயர் தெரியாத இடத்தில் பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கினார்கள். 40ஆம் பாட்டுக்குச் செம்புலப்பெயல்நீரார், 41க்கு அணிலாடு முன்றிலார், 305க்குக் குப்பைக் கோழியார். யாரும் கந்தன், முருகன் என்று கற்பனையாக வைக்கவில்லை. பெயரைப் பார்த்தாலே எங்கிருந்து எடுத்தது என்று தெரியும். உங்கள் ‘பூக்கடைப் பாட்டி’ அந்த வழி. ‘பொன்னம்மா’ அந்த வழி அல்ல.

எம்ஆர்டி ரசிகன்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உயர்நிலைப் பள்ளி முடிக்கும்வரை நான் செம்புலப்பெயல்நீரார் என்பது அவர் அப்பா அம்மா வைத்த பெயர் என்றே நினைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அதுவும் உண்மைதான். தொகுத்தவர்கள் மஞ்சள் பெட்டி போடவில்லை. இரண்டும் வேண்டும் போலிருக்கிறது.

ஜூரோங் அண்ணன்

விளக்கப் பெயரிலும் ஊகம் நுழையக்கூடாது. ரசிகர்கள் ‘பேபி யோடா’ என்று கூப்பிட்ட குழந்தையை நினைத்துப் பாருங்கள். 2019இல் ‘தி மாண்டலோரியன்’ என்ற ஸ்டார் வார்ஸ் தொடர் வந்தபோது தயாரித்தவர்கள் ‘குழந்தை’ என்று மட்டுமே சொன்னார்கள். 2020 நவம்பரில்தான் குரோகு என்ற பெயர் வந்தது. இடையில் அது பழைய ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் யோடாவின் சிறு வயது என்று நம்பியவர்கள் எத்தனை பேர்! அந்த இனத்தைச் சேர்ந்த வேறொரு குழந்தை அது. செல்லப்பெயர் பரவலாக இருந்தால் வழிமாற்றாக வைக்கலாம், கட்டுரையில் ‘ரசிகர்கள் இப்படி அழைக்கிறார்கள்’ என்று எழுதலாம். தலைப்பில் ஏற்றினால் பொய்யும் கூடவே ஏறிவிடும்.

உங்கள் தளத்தையே இப்போது புரட்டினேன். ‘சீன அங்கிள், காப்பிக்கடை முதலாளி’ என்று ஒரு பக்கம். அவர் முதலாளி என்று எந்தப் பகுதியில் வந்தது? காப்பி கலக்குகிறார், மேசை துடைக்கிறார், ஒருமுறை “அண்ணே, கோப்பி ஓ?” என்று தமிழில் கேட்கிறார். திரையில் தெரிவது அவ்வளவுதானே. அதேபோல் ‘விதவை ஆசிரியை’. வெள்ளைப் புடவை கட்டினால் விதவையா? என் அம்மாவிடம் சொன்னால் அடிப்பார்.

பீஷான் வாசகி

அய்யோ, அந்த ஆசிரியை தலைப்பும் நான் வைத்ததுதான். ‘வெள்ளைப் புடவை ஆசிரியை’ என்று மாற்றிவிட்டேன். காப்பிக்கடைக்காரரை ‘காப்பி கலக்குபவர், அங் மோ கியோ கடை’ என்று நகர்த்துகிறேன். இரட்டை வழிமாற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன் அண்ணா!

ஒன்று கேட்க விட்டுப்போனது. 22ஆம் பகுதியில் ஆங்கில வசன வரியில் பாட்டியை ‘மேடம் லீலா’ என்று போட்டிருக்கிறது, ஆனால் தமிழில் “அம்மா இங்க வாங்க” என்றுதான் காதில் விழுகிறது. லீலா என்று மாற்றலாமா?

பழைய வார்ப்புருக்காரர்

வசன வரி எழுதுகிறவர் கையில் திரைக்கதை இருந்திருக்கலாம், அவராகவே போட்டதாகவும் இருக்கலாம். தலைப்பைத் தொடாதீர்கள். வார்ப்புருவில் ‘வகை’ என்று ஓர் அளபுரு (பக்கத்துக்குப் பக்கம் நிரப்பும் இடம்) சேர்த்து, ‘விளக்கம்’, ‘ரசிகர் வழக்கு’, ‘வசன வரியில் மட்டும்’ என்று மூன்று கொடுங்கள். லீலா மூன்றாவதில் போகட்டும், எந்தப் பகுதி, எத்தனையாவது நிமிடம் என்பதோடு. வேறொரு பகுதியிலும் வந்தால் நகர்த்தலாம்.

பீஷான் வாசகி

செய்துவிட்டேன். 22ஆம் பகுதி, 14ஆம் நிமிடம். கடைசியாக ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் திரியும் குட்டைவால் பூனைக்கு ‘கறுப்பி’ என்று பக்கம் இருக்கிறது. அதற்கும் இந்தப் பெட்டி போடவேண்டுமா?

எம்ஆர்டி ரசிகன்

போடுங்கள் அக்கா. தலைப்பையும் மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் 9ஆம் பகுதியில் அதை “வாடா” என்று கூப்பிடுகிறான்.