பாரமீசியம் கூட்டமாக மேலே வந்து செத்துப் போகிறது, என்ன தப்பு செய்தேன்?

கேள்வி:
ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டுவதற்காக ஜாடியில் பாரமீசியம் (ஒரே செல்லாலான நுண்ணுயிர்) வளர்க்கிறேன். குளத்துத் தண்ணீர், அதில் வேகவைத்து ஆறவைத்த ஒரு பிடி வைக்கோல். பத்தாம் நாள் ஒரு சொட்டில் இருபது முப்பது, செருப்பு வடிவத்தில், உருண்டு உருண்டு ஓடின. நன்றாகச் சாப்பிடட்டும் என்று இரண்டு ஸ்பூன் சோற்றுக் கஞ்சி ஊற்றினேன். மறுநாள் தண்ணீர் பால்போல் கலங்கி ஒரே நாற்றம். எல்லாம் மேல்மட்டத்தில் கண்ணாடியை ஒட்டி வெள்ளை வளையமாக நின்றன. இன்று சொட்டில் ஒன்றுமே இல்லை. குழாய்த் தண்ணீர் மாற்றலாமா?

பதில் 1:
டீச்சர், கஞ்சிதான் வினை. பாரமீசியத்துக்குச் சாப்பாடு பாக்டீரியா; கஞ்சி அந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. இரண்டு ஸ்பூன் விருந்தில் அவை ஒரே ராத்திரியில் பெருகித் தண்ணீரிலிருந்த ஆக்சிஜனைக் காலிசெய்திருக்கும். வளையம் கட்டி நின்றது காற்றைத் தேடித்தான். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் மிச்சத்தையும் முடித்துவிடும். ஜாடியைக் கொட்டாதீர்கள். விளிம்பிலிருந்து சில சொட்டுகளை, ஆறவைத்த புது வைக்கோல் தண்ணீருக்கு மாற்றுங்கள். ஒரு டம்ளருக்கு வேகவைத்த கோதுமை மணி இரண்டு போதும்.

கேட்டவர்:
விளிம்பில் எடுத்ததில் ஐந்தாறு உயிரோடு இருந்தன! இப்போது புது ஜாடியில் கூட்டம். அடுத்த தலைவலி: காங்கோ ரெட் சாயம் ஏற்றிய ஈஸ்ட் கொடுத்தேன். உள்ளே போனால் நீலமாகும் என்றார்கள். எனக்கு எல்லாம் சிவப்பு உருண்டைகளாகவே தெரிகின்றன.

பதில் 2:
ஈஸ்டைச் சாயத்தோடு வேகவைத்தீர்களா? அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும். அப்புறம், கூட்டத்தைப் பார்க்காமல் ஒன்றையே பாருங்கள். சொட்டில் பஞ்சு இழை நாலைந்து பிரித்துப் போட்டால் ஓட்டம் குறையும். பக்கவாட்டுப் பள்ளத்தில் முடிகள் அலையடித்து ஈஸ்டை உள்ளே தள்ளும். பள்ளத்தின் அடியில் ஒரு குமிழி பருத்து, கழன்று, உடலுக்குள் சுற்றக் கிளம்பும். புதுக் குமிழி சிவப்பு. அமிலம் சேரச் சேர, பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு) 3-க்குக் கீழே போனதும் நீலம். செரித்து அமிலம் குறைந்தால் மறுபடி சிவப்பு. சக்கை பின்பக்கத்தில் ஒரே இடம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் நீங்கள் பார்த்த சிவப்பில் பாதி, உண்டு முடித்ததாகவும் இருக்கலாம்.

கேட்டவர்:
வேகவைக்கவே இல்லை சார், அசடு. இன்று வேகவைத்துப் போட்டேன். பஞ்சில் சிக்கிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலைந்து நிமிடத்தில் ஓர் உருண்டை ஊதாவாகி நீலமானது. பக்கத்திலேயே புதுச் சிவப்பு ஒன்று கழன்று வந்தது. லென்ஸை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள் பிள்ளைகள்.