ஸ்லோ குக்கரில் மான் கறி ரோஸ்ட்: ஒன்று மெல்ல முடியவில்லை, இன்னொன்று வறண்டுவிட்டது

மேடிசன்காரன்:
வணக்கம். நாங்கள் விஸ்கான்சினில் இருக்கிறோம். என்னுடன் வேலை பார்ப்பவர் நவம்பர் வேட்டையில் அடித்த வெள்ளைவால் மானில் மூன்று பொட்டலம் கொடுத்தார். மூன்றும் முழுத் துண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 பவுண்டு. வீட்டில் 6 குவார்ட் ஸ்லோ குக்கர் இருக்கிறது.

முதல் துண்டை வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு, மாட்டெலும்பு சூப் ஊற்றி, லோவில் 6 மணி நேரம் வைத்தேன். தெர்மாமீட்டர் உள்ளே 170 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. வெந்துவிட்டதென்று எடுத்தால் மெல்லவே முடியவில்லை. நேரம் போதவில்லை போல என்று அடுத்த துண்டை 10 மணி நேரம் விட்டேன். அது பிய்ந்து வந்தது, ஆனால் வாயில் போட்டால் மரத்தூள் மாதிரி இருந்தது. இரண்டிலுமே கவிச்சி வாடை வேறு. மீந்ததெல்லாம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

மூன்றாவது பொட்டலம் ஃப்ரீசரில். சனிக்கிழமை இரவு விருந்துக்கு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறேன். நேரத்தைக் கூட்டுவதா, குறைப்பதா?

காரைக்குடி அடுப்பு:
பிரஷர் குக்கரில் போடுங்கள், எந்தக் கறியும் வழிக்கு வரும். இல்லையென்றால் பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஓர் இரவு வையுங்கள். ஊரில் முற்றின ஆட்டுக்கறிக்கு அப்படித்தான் செய்வோம்.

பனிக்காடு:
நேரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். எந்தத் துண்டு என்று சொல்லுங்கள். பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதியிருப்பார்களே?

மேடிசன்காரன்:
முதலில் செய்தது ஷோல்டர். இரண்டாவது பாட்டம் ரவுண்ட். ஃப்ரீசரில் இருப்பதில் 'நெக், எலும்பில்லாதது' என்று எழுதியிருக்கிறது.

பனிக்காடு:
அப்படியென்றால் உங்கள் குக்கரிலும் குறை இல்லை, மசாலாவிலும் குறை இல்லை. இரண்டு துண்டுக்கும் நேரம் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஷோல்டர் முன்னங்கால் சப்பை. நாள் முழுக்க உழைக்கிற தசை என்பதால் கொலாஜன் என்கிற இணைப்புத் திசு நிறைய. அது உருகி ஜெலட்டின் ஆனால்தான் கறி மெத்தென்று வரும். உருகுவது 160 டிகிரிவாக்கில் தொடங்கினாலும் மெதுவாகத்தான் நடக்கும். 195 முதல் 205 வரை ஏறி, அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நீங்கள் 170இல் எடுத்திருக்கிறீர்கள். சாப்பிடப் பாதுகாப்பான சூடுதான், ஆனால் தசை இறுகி, கொலாஜன் இன்னும் இளகாத கட்டம். ரோஸ்ட் மிகக் கடினமாக இருப்பது அப்போதுதான். பலரும் பயந்து அடுப்பை அணைப்பதும் அங்கேதான். லோவில் இன்னும் மூன்று மணி நேரம் விட்டிருந்தால் முள்கரண்டிக்கே பிய்ந்திருக்கும்.

பாட்டம் ரவுண்ட் பின்தொடை. மான் கறியில் மாட்டுக்கறி போல தசைக்குள் கொழுப்பு ஓடாது. பின்தொடையில் ஷோல்டர் அளவுக்குக் கொலாஜனும் இல்லை. 10 மணி நேரத்தில் உள்ளிருந்த நீரெல்லாம் வெளியேறிவிடும், ஈடுகட்ட ஜெலட்டினும் இருக்காது. சுற்றிலும் சாறு நின்றாலும் கறி வறண்டுதான் இருக்கும். அந்தத் துண்டை நான் ஸ்லோ குக்கரில் வைப்பதே இல்லை. மெல்லிசாகக் குறுக்குவாட்டில் அரிந்து மிளகு வறுவல் செய்வேன், இல்லாவிட்டால் கொத்துக்கறி.

நெக் வந்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மானில் ஸ்லோ குக்கருக்கு அதைவிட நல்ல துண்டு கிடையாது.

மேடிசன்காரன்:
இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துவிட்டேன். நெக்கை எப்படிச் செய்வது? அந்த வாடைக்கு என்ன வழி?

பனிக்காடு:
வியாழன் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். உறைந்த துண்டை அப்படியே ஸ்லோ குக்கரில் வைக்கக் கூடாது. சூடு மெதுவாக ஏறுவதால் 40க்கும் 140க்கும் இடையில் வெகுநேரம் கிடக்கும், கிருமி பெருகுவது அந்த இடைவெளியில்தான்.

வாடை பெரும்பாலும் கொழுப்பிலிருந்து வருவது. மான் கொழுப்பு வெள்ளையாக, மெழுகு போல் வாயில் ஒட்டும். கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டி எறியுங்கள். அதோடு வெள்ளி நிறத்தில் மினுக்குகிற சவ்வு ஒன்று மேலே போர்த்தியிருக்கும். அதில் எலாஸ்டின் இருக்கிறது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் கரையாது. மெல்லிய கத்தியின் முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து ஒரு விரல் அகலம் கிளப்புங்கள். கிளம்பிய நுனியைக் காகிதத் துண்டால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியின் கூரை மேல்பக்கம் சற்றே சாய்த்துத் தள்ளினால் பட்டையாக உரிந்து வரும். கறி சேதமாகாது. நெக்கில் தசைகளுக்கு நடுவேயும் சவ்வு ஓடும், அதைத் தோண்டி எடுக்க வேண்டாம், மேலே இருப்பதை எடுத்தால் போதும்.

வெள்ளி இரவு உப்பு தடவி, மூடி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். சனி காலை ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, இரும்புச் சட்டியில் எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் கறியைப் போடுங்கள். புரட்டப் பார்க்கும்போது சட்டியைப் பிடித்துக்கொண்டால் இன்னும் சிவக்கவில்லை என்று அர்த்தம். சிவந்ததும் தானாகவே விட்டுவிடும். எல்லாப் பக்கமும் அப்படிச் சிவக்கட்டும். இந்த வேலையைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். ஸ்லோ குக்கருக்குள் எதுவும் சிவக்காது, ருசியில் பாதி இங்கேதான் வருகிறது.

அடியில் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம். கிழங்கு வகை கறியைவிட மெதுவாக வேகும் என்பதால் அடிப்பக்கம்தான் அதற்கு இடம். மேலே கறி, அதன் மேல் நான்கைந்து கீற்று பேக்கன். பன்றி சாப்பிடாதவர்கள் இருந்தால் இரண்டு கரண்டி நெய் விடுங்கள். சூப் ஒரு கப் போதும், ஸ்லோ குக்கரில் நீர் வற்றாது. லோவில் 8 முதல் 10 மணி நேரம். கடிகாரத்தை நம்பாமல், முள்கரண்டியைக் குத்தித் திருகிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் திரும்பினால் இறக்கலாம். ஏழு மணி நேரம் வரை மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறந்தாலும் இழந்த சூட்டைப் பிடிக்க இருபது நிமிடமாவது ஆகும்.

காரைக்குடி அடுப்பு:
பப்பாளிக்காய் வேண்டாமா?

பனிக்காடு:
வேண்டாம் அண்ணே. பப்பாளிப் பால் மேல்தோலில்தான் வேலை செய்யும், நடுவில் போய்ச் சேராது. இத்தனை கனமான துண்டுக்கு மேலே குழைந்துபோய் உள்ளே அப்படியே இருக்கும். சின்னத் துண்டாக நறுக்கின வறுவலுக்கு நீங்கள் சொல்வது சரி. பிரஷர் குக்கரும் ஷோல்டருக்கு நன்றாகவே வரும், அவசரமென்றால் நானும் அதில்தான் வைப்பேன்.

ரொறன்ரோ அக்கா:
தம்பி, சமையலுக்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அந்த மானைச் சோதித்தார்களா? விஸ்கான்சினில் 2002 இலிருந்து மான்களுக்கு சிடபிள்யூடி என்ற, மூளையைச் சிதைத்துக் கொல்லும் நோய் இருக்கிறது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் அந்த நோய் உள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அது பிரியான் புரதத்தால் வருவது, எவ்வளவு அவித்தாலும் அழியாது. முதுகுத்தண்டிலும் மூளையிலும் அது சேரும் என்றபடியால் கழுத்து இறைச்சி எலும்பில்லாமல் இருப்பது நல்லது. கொடுத்தவரிடம் கேட்டால் அவர் குறை நினைக்க மாட்டார். அங்கே வேட்டைக்காரர் மாநில இயற்கை வளத் துறையிடம் மாதிரி கொடுத்து இலவசமாகவே சோதிக்கலாம்.

குழந்தைகள் சாப்பிடுவதென்றால் குண்டு பட்ட இடத்தைச் சுற்றி நன்றாக வெட்டி அகற்றினார்களா என்றும் கேளுங்கோ. ஈயக் குண்டு உள்ளே பொடியாகச் சிதறும்.

மேடிசன்காரன்:
நன்றி அக்கா. இன்று கேட்டேன். சோதனையில் நோய் இல்லை என்று வந்த முடிவைத் தன் போனிலேயே காட்டினார். குண்டு விலாவில் பட்டது, அந்தப் பக்கத்து இறைச்சியை வீசிவிட்டாராம். ஷோல்டரும் ரவுண்டும் மீதி இருக்கிறதே, அதை என்ன செய்வது?

ரொறன்ரோ அக்கா:
ஷோல்டர் வீணாகவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிரோடு ஸ்லோ குக்கரில் வைக்காதேயுங்கோ. கனமான சட்டியில் அரைக் கப் சூப் விட்டுக் கொதிக்க வைத்து, பிறகு மூடிச் சிறு தீயில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுங்கோ. ரவுண்டைப் பிய்த்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு, கறிவேப்பிலை போட்டுப் பிரட்டினால் வறட்சி தெரியாது.

மேடிசன்காரன்:
ஞாயிறு காலை எழுதுகிறேன். சனிக்கிழமை காலை எட்டரைக்கு வைத்தேன். எட்டாவது மணி நேரத்தில் முள்கரண்டி இன்னும் திருகவில்லை, மூடிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்பதரை மணி நேரம் ஆனபோது துண்டு தானாகவே இரண்டாக விலகிவிட்டது. கவிச்சி துளியும் இல்லை. சாற்றை வடித்துச் சட்டியில் சுண்ட வைத்து மேலே ஊற்றினேன், உதட்டில் ஒட்டுகிற பதம். ஷோல்டரும் அக்கா சொன்னபடி மெத்தென்று வந்துவிட்டது.

அடுத்த முறை தேங்காய்ப்பால் சேர்க்க ஆசை. சூப்புக்குப் பதிலாக ஊற்றலாமா?

பனிக்காடு:
முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். சூப்பிலேயே வேகட்டும். கறி பிய்கிற பதம் வந்த பிறகு கெட்டிப்பால் ஊற்றி, மூடி, லோவில் இன்னும் அரை மணி நேரம் வைத்தால் போதும்.