ஹாலிவுட் சாலையில் ஒரு பான்ஷான் தாழி

ஹாங்காங்கின் ஹாலிவுட் சாலையில் உள்ள ஒரு பழம்பொருள் கடையில்தான் பான்ஷான் தாழியை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். சீனாவின் கன்சு, சிங்காய் மாகாணங்களில், மஞ்சளாற்றின் மேற்பகுதியில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் செய்த வகை அது.

கடைக்காரர் அதை மேசையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். எழுந்து நின்று குனிந்து பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. பக்கவாட்டில் தனித்தனிச் சுழிகளாகத் தெரிந்த கறுப்பும் சிவப்புமான கோடுகள், மேலிருந்து பார்க்கையில் வாயைச் சுற்றி ஒரே பெரிய பூவாக விரிந்தன. கறுப்புக் கோட்டின் விளிம்பில் ரம்பப்பல்போல நுண்ணிய வெட்டுகள். இடுப்புக்குக் கீழே வெறும் மண். ஒரு தீற்றல்கூட இல்லை. தரையில் இருக்கும் பானையை நின்றபடி பார்ப்பவருக்காகவே அதைத் தீட்டியிருக்கிறார்கள் என்று அப்போது உறுதியாகத் தோன்றியது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவற்றில் வண்ணத்தைத் தீட்டிய பிறகுதான் சூளையில் சுட்டார்கள். அதனால் நிறம் மண்ணோடு ஒட்டிப்போயிருக்கும். ஈரப் பஞ்சில் வராது. புதைந்து கிடந்த காலத்தில் படிந்த சுண்ணாம்புப் படலமும் வேர்த்தடமும் கோடுகளின் மேலே ஓடியிருக்க வேண்டும். கோடு அந்தப் படலத்தின் மேல் ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெப்ப ஒளிர்வுச் சோதனைச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். அடிப்பகுதியில் சுரண்டிய துகளை வைத்துப் பானை கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதைத்தான் அது கூறும். பழைய வெற்றுப் பானையில் நேற்றுத் தீட்டிய சுழியும் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

நான் பார்த்த தாழியில் படலம் சரியாகவே இருந்தது. விலையும் என்னால் கொடுக்க முடிந்ததுதான். ஆனால் எந்த ஊர், எந்தக் கல்லறை, எப்போது சீனாவிலிருந்து வெளியேறியது என்று கேட்டதற்கு ஒரு காகிதம்கூட வரவில்லை. இவ்வகைத் தாழிகளில் பெரும்பாலானவை கல்லறைகளிலிருந்து வந்தவை. திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டவையும் ஏராளம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சிங்காயில் லியூவான் இடுகாட்டை 1970களில் முறையாக அகழ்ந்தபோது ஒரே கல்லறையில் 90 பானைகளுக்கு மேல் கிடைத்தன. வேறு பல கல்லறைகளில் சில பானைகளே இருந்தன. யார் செல்வர், யார் எளியவர் என்பதை அந்த எண்ணிக்கையே காட்டிக்கொடுத்தது. கடையில் நான் பார்த்த தாழி தொண்ணூறில் ஒன்றா, ஓர் ஏழையின் பக்கத்தில் வைத்த ஒரே பானையா என்பதை இனி எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது.