பொஸ்போ-ஸ்டாட்3 நிறம் ஓரத்தில் மட்டும்தான் ஏறுகிறது, உதவி தேவை

கொழும்பில் ஓர் ஆய்வுகூடம். 2016–2019 காலத்தில் அறுவையில் எடுத்து மெழுகில் பதித்த பெருங்குடல் புற்றுநோய் இழையங்களில் அழற்சிச் சமிக்ஞையையும் நோயாளிகள் உயிர்பிழைத்த காலத்தையும் ஒப்பிடுகிறோம். தேடுவது பொஸ்போ-ஸ்டாட்3, அதாவது டைரோசின் 705 என்ற இடத்தில் பொஸ்பேற்று ஏறிய ஸ்டாட்3 என்ற சமிக்ஞைப் புரதம்; அதற்கு முயல் மொனோகுளோனல் அன்டிபொடி. அது ஒட்டிய இடம் பழுப்பாகும், ஒட்டாத கரு நீலமாகவே இருக்கும். வெட்டின் ஓரம் நல்ல பழுப்பு. நடுவில் இரத்தக்குழாய்ச் சுவர்க் கலங்களின் கருகூட வெறும் நீலம்.

போர்மலின் மறைத்த புரதத்தை வெளிக்கொணரச் சூடாக்கும் கரைசலில் சிற்றேற்று பிஎச் 6ஐ விட்டு ஈடிடிஏ பிஎச் 9க்கு மாறினோம், பிரஷர் குக்கரில் 20 நிமிடம். பாலின் கேசீனிலும் பொஸ்பேற்று உண்டு என்பதால், அன்டிபொடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கப் பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்). கழுவ, பொஸ்பேற்று உள்ள பிபிஎஸ் கரைசல் இல்லை, அது இல்லாத டிபிஎஸ். முதல் அன்டிபொடி 1:100, இரவு முழுக்க 4 பாகையில். பின்னணி சுத்தமானதுதான் மிச்சம்.

மொத்த ஸ்டாட்3 (பொஸ்பேற்று ஏறியதும் ஏறாததும் சேர்த்து) எங்கும் சீராக ஏறுகிறது. ஆகவே குடலைத் திறக்காமல் போர்மலினில் போட்டு, அது உள்ளே ஊறுமுன் பொஸ்பேற்று கழன்றிருக்கவேண்டும். பின்தொடர்தல் தரவு முழுமையாக உள்ளது. வீணாக விட மனமில்லை.

இதே நோயாளிகளின் கொலனொஸ்கோபி பயொப்சிகள் உடனே போர்மலினுக்குப் போனவை. புற்றுநோய் அயல் இழையத்துள் ஊடுருவும் விளிம்பு அவற்றில் வராவிட்டாலும், அவற்றை மட்டும் வைத்து நிறத்துக்குப் புள்ளியிட்டு உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு செய்யலாமா?